ராத்திரி பட்டினி, காலையில் சர்க்கரை 190! விடியற்காலையில் உடம்புக்குள் நடப்பது என்ன?

சென்னை நகரில் காலை 6 மணிக்கே கூட்டம் கூடுகிற இடங்கள் மூன்று. ஒன்று பால் பூத். இன்னொன்று டீக்கடை. மூன்றாவது, ரத்தப் பரிசோதனை நிலையம்.

முதல் இரண்டு இடங்களில் பேச்சு இருக்கும், சிரிப்பு இருக்கும். மூன்றாவது இடத்தில் அது கிடையாது. பெஞ்சில் உட்கார்ந்திருப்பது எல்லாம் காபி குடிக்காத முகங்கள்!

வெறும் வயிற்றில் ஒரு தடவை ரத்தம் கொடுக்க வேண்டும். பிறகு ஓட்டலுக்குப் போய் நாலு இட்லி சாப்பிட்டுவிட்டு, 2 மணி நேரம் கழித்து மறுபடியும் வந்து கை நீட்ட வேண்டும். ஆபீசுக்கு "ஒரு மணி நேரம் லேட்" என்று சொல்லிவிட்டு வந்த குமாஸ்தாக்கள், கடையைப் பையனிடம் விட்டுவிட்டு வந்த வியாபாரிகள், மருமகள் துணையோடு வந்த மாமியார்கள்... எல்லோரும் உண்டு.

ரிசல்ட் கைக்கு வந்ததும் தினமும் யாராவது ஒருவர் இப்படிப் புலம்புவார்:

"சாப்பிட்டுப் பார்த்தா 165. சாப்பிடாம பார்த்தா 190. இதென்ன சார் கூத்து? ஒண்ணுமே திங்காம எப்படி ஏறும்?"

மெஷின் தப்பு என்பார் ஒருவர். லேப்காரன் பேரை மாற்றிப் போட்டுவிட்டான் என்பார் இன்னொருவர். பெரும்பாலும் இரண்டும் இல்லை. சர்க்கரை உண்மையிலேயே ஏறியிருக்கிறது. ஏற்றியது அவர் வாய் அல்ல, அவர் கல்லீரல்.

அல்வா சந்தேகம்

வடசென்னையில் ஒரு மளிகைக்கடை அண்ணாச்சி. வயது 52. சர்க்கரை வியாதி வந்து பத்து வருஷம் ஆகிறது. காலையும் இரவும் மாத்திரை. மகன் வாங்கிக் கொடுத்த குளுக்கோமீட்டர் வீட்டில் இருக்கிறது.

ராத்திரி படுக்கும்போது பார்த்தால் 140, 145. நல்ல பிள்ளை மாதிரி இருக்கும். காலையில் எழுந்து பார்த்தால் 185, 190!

வீட்டில் கலவரம்.

"ஏங்க, நான் தூங்கின பொறவு அல்வா டப்பாவைத் தொறந்தியளா?" என்று மனைவி கேட்டார்.

அண்ணாச்சி சத்தியம் செய்தார். மனைவி நம்பவில்லை. அல்வா டப்பா பரண்மேல் ஏறியது. வெல்லம், கற்கண்டு, பேரனின் பிஸ்கட் பாக்கெட் எல்லாம் பீரோவுக்குள் போய்ப் பூட்டப்பட்டன. கடையிலிருந்து வீட்டுக்கு வரும்போது சட்டைப்பையைச் சோதனை போடாததுதான் பாக்கி!

மறுநாள் காலை பார்த்தார்கள். 188.

அண்ணாச்சிக்கு ரோஷம் வந்துவிட்டது. "திங்கலேன்னா நம்ப மாட்டேங்கிய. இன்னிக்கு ராத்திரிச் சாப்பாடே வேண்டாம்" என்று சொல்லிவிட்டு, சாப்பிடாமல் படுத்தார். அதோடு விட்டாரா? இல்லை. சர்க்கரையை ஒரே அமுக்காக அமுக்கிவிட வேண்டும் என்று, ராத்திரி மாத்திரையை ஒன்றுக்கு இரண்டாக விழுங்கினார். யாரையும் கேட்கவில்லை.

3 மணி வியர்வை

விடியற்காலை 3 மணி. பக்கத்தில் ஏதோ முனகல் கேட்டு மனைவி விழித்தார். அண்ணாச்சியின் பனியன் தொப்பலாக நனைந்திருந்தது. கை நடுங்கியது. "சரக்கு லாரி வந்தாச்சா?" என்று என்னவோ உளறினார். கூப்பிட்டால் பதில் இல்லை.

மகன் ஓடிவந்து விரலில் குத்திப் பார்த்தான். 48!

நல்லவேளை, விழுங்குகிற அளவுக்கு நினைவு இருந்தது. தண்ணீரில் மூன்று ஸ்பூன் சர்க்கரையைக் கரைத்துக் கொடுத்தார்கள். பூட்டி வைத்த அதே பீரோவைத் திறந்துதான் சர்க்கரையை எடுக்க வேண்டியிருந்தது. கால் மணி நேரத்தில் 82-க்கு வந்தது. இரண்டு பிஸ்கட் கொடுத்து உட்கார வைத்தார்கள்.

அந்த அம்மாள் முழிக்காமல் இருந்திருந்தால்? அதைப்பற்றி அந்த வீட்டில் யாரும் பேசுவதில்லை.

சர்க்கரை 190 என்பது ஒரு ராத்திரியில் ஆளைக் கொல்லாது. வருஷக்கணக்கில் இருந்தால் கண், சிறுநீரகம், கால் நரம்பு என்று மெள்ள மெள்ள அரிக்கும். ஆனால் 48 என்பது அப்படி அல்ல. அது அந்த ராத்திரியே வேலையைக் காட்டும். காலை நம்பரைப் பார்த்துவிட்டுத் தாமாகவே மருந்தைக் கூட்டுகிறவர்கள் மறந்துபோகும் விஷயம் இதுதான்.

பின்வாசல் கிடங்கு

சரி, தின்னாமல் எப்படி ஏறுகிறது?

கடைக்காரர்களுக்கு எளிதில் புரியும் விஷயம் இது. கல்லீரல் ஒரு கிடங்கு. பகலில் சாப்பிடும் சோறு, இட்லி, சப்பாத்தி எல்லாம் சர்க்கரையாகி ரத்தத்தில் கலக்கிறது. செலவானது போக மிச்சத்தில் ஒரு பகுதியைக் கல்லீரல் வாங்கி அடுக்கி வைத்துக்கொள்கிறது. ராத்திரி கடை சாத்திய பிறகு, அதாவது வாய் மூடிய பிறகு, கிடங்கின் பின்வாசல் திறக்கிறது. மூளைக்கு ராத்திரியும் தீனி வேண்டுமே! அடுக்கி வைத்த சரக்கு தீர்ந்து வந்தால் கல்லீரல் புதிதாகவே சர்க்கரை தயாரித்தும் அனுப்பும்.

எவ்வளவு அனுப்பலாம் என்று கணக்குப் பார்ப்பது கணையத்திலிருந்து வரும் இன்சுலின். "போதும், நிறுத்து" என்று அது சொன்னால் கிடங்கு கேட்கும். சர்க்கரை வியாதிக்காரர்களுக்கு இந்தக் கணக்குப்பிள்ளையின் குரல் எடுபடுவதில்லை. அல்லது கணக்குப்பிள்ளையே அரைநாள்தான் வேலைக்கு வருகிறார்.

இதோடு இன்னொன்று சேர்கிறது. விடியற்காலை 3, 4 மணி தொடங்கி 8 மணி வரை, தூங்குகிற உடம்பை எழுப்புவதற்காகச் சில சுரப்பிகள் வேலையை ஆரம்பிக்கின்றன. கார்ட்டிசால், வளர்ச்சி ஹார்மோன் போன்றவை ரத்தத்தில் கூடுகின்றன. "ஆள் எழுந்திருக்கப் போகிறார், சரக்கை அனுப்பு" என்று அவை கல்லீரலுக்கு உத்தரவு போடுகின்றன. கல்லீரலும் மூட்டை மூட்டையாக அனுப்புகிறது.

இது எல்லோர் உடம்பிலும் நடப்பதுதான். வியாதி இல்லாதவர்களுக்கு அந்த நேரத்தில் இன்சுலினும் கொஞ்சம் கூடச் சுரந்து சமன் செய்துவிடும். சர்க்கரை உள்ளவர்களுக்கு அது முடிவதில்லை. 20, 30 கூடுவது சகஜம். சிலருக்கு அதற்கு மேலும் ஏறும். 1981-ம் ஆண்டில் மருத்துவ இதழ் ஒன்றில் இதற்குப் பெயர் சூட்டினார்கள். ‘விடியல் நிகழ்வு’ என்று தமிழில் சொல்லலாம்.

இதில் ஒரு வேடிக்கை. காலையில் பரிசோதனை நிலையத்தில் டோக்கன் வாங்கிக்கொண்டு 9 மணி வரை வெறும் வயிற்றோடு காத்திருந்தால், "இன்னும் குறையும்" என்று பலர் நினைக்கிறார்கள். பலருக்குக் குறைவதில்லை, கூடத்தான் செய்கிறது. வாய்க்கு எதுவும் வராதவரை கல்லீரல் தன் கடமையைச் செய்துகொண்டே இருக்கும். ஆகவே 6 மணிக்கு ஒரு நாளும் 9 மணிக்கு ஒரு நாளும் பார்த்துவிட்டு இரண்டையும் ஒப்பிட்டுப் பதறுவதில் அர்த்தம் இல்லை.

மூன்று ராத்திரி கணக்கு

அண்ணாச்சியை மறுநாள் டாக்டரிடம் அழைத்துப் போனார்கள். டாக்டர் முதலில் திட்டினார். பிறகு ஒரு துண்டுச் சீட்டில் மூன்று கட்டம் போட்டுக் கொடுத்தார். படுக்கும்போது ஒன்று, ராத்திரி 3 மணிக்கு ஒன்று, எழுந்தவுடன் ஒன்று. மூன்று ராத்திரி பார்த்து எழுதி வர வேண்டும்.

காலை நம்பர் ஏன் ஏறுகிறது என்பதைக் கண்டுபிடிக்க இதைவிட மலிவான வழி கிடையாது. ஒன்பது ஸ்டிரிப் செலவு. மூன்று நாள் அலாரம். அவ்வளவுதான்.

படுக்கும்போதே 220 இருந்து, காலையிலும் 220 இருந்தால் விடியற்காலை மேல் பழி போட வேண்டாம். ராத்திரி பத்தரை மணிக்குச் சாப்பிட்ட பரோட்டாவும் சால்னாவும்தான் குற்றவாளி.

படுக்கும்போது நன்றாக இருந்து, 3 மணிக்கும் நன்றாக இருந்து, அதன்பிறகு காலையில் மட்டும் ஏறியிருந்தால் அது விடியல் நிகழ்வு. படுத்ததிலிருந்தே படிப்படியாக ஏறிக்கொண்டு வந்தால், ராத்திரி போட்ட மருந்தோ இன்சுலினோ விடியும்வரை தாக்குப்பிடிக்கவில்லை என்று அர்த்தம்.

நாலாவது ஒன்று உண்டு. 3 மணிக்கு 70-க்குக் கீழே இருப்பது. அதுதான் ஆபத்து. அங்கே மருந்தைக் கூட்டக்கூடாது. பெரும்பாலும் குறைக்க வேண்டியிருக்கும். காலை நம்பரை மட்டும் பார்க்கிறவருக்கு இது தெரியவே தெரியாது. ராத்திரி வியர்த்துக் கொட்டுவது, பயங்கரக் கனவு, எழுந்ததும் தலைவலி, அடித்துப்போட்டாற்போல அசதி... இவை இருந்தால் சந்தேகப்பட வேண்டும்.

ராத்திரி சர்க்கரை தாழ்ந்தால் அதன் எதிரடியாகத்தான் காலையில் ஏறுகிறது என்று ஒரு கொள்கை வெகுகாலம் நடமாடியது. அங்கேரியில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய மைக்கேல் சோமோஜி என்பவர் 1938-ம் ஆண்டில் கிளப்பியது. டாக்டர்கள் பல தலைமுறையாக அதை ஓதிவந்தார்கள். இப்போது கையில் ஒட்டிக்கொண்டு நாள் முழுக்கச் சர்க்கரையைக் கணக்கெடுக்கும் ‘சென்சார்’ வந்துவிட்டது. அதை வைத்துப் பார்த்ததில், அப்படி நடப்பது அபூர்வம் என்று தெரிகிறது. ராத்திரி தாழ்ந்தவர்களுக்குப் பெரும்பாலும் காலையிலும் குறைவாகவே இருக்கிறது. ஆனாலும் 3 மணிக்குப் பார்க்கச் சொல்லும் வழக்கத்தை டாக்டர்கள் விடவில்லை. விடவும் கூடாது. அண்ணாச்சி மாதிரி ஆட்கள் ஊரில் நிறைய!

டிபன் கேரியர்

அண்ணாச்சியின் சீட்டு வந்தது. படுக்கும்போது 142, 3 மணிக்கு 131, காலையில் 184. மற்ற இரண்டு நாளும் ஏறக்குறைய இதே கணக்குத்தான்.

"பாத்தியா? அல்வா இல்லே, கல்லீரல்!" என்று அண்ணாச்சி மனைவியைப் பார்த்துச் சொன்னாராம். டாக்டர் அறையிலேயே!

மருந்தில் டாக்டர் சில மாற்றம் செய்தார். அவரவர் உடம்புக்குத் தக்கபடி செய்வது அது. பொதுவாகச் சொன்னால், ‘மெட்பார்மின்’ என்ற பழைய மாத்திரையின் முக்கிய வேலையே கல்லீரல் கிடங்கின் கதவை ஒருக்களிப்பதுதான். அதை ராத்திரிச் சாப்பாட்டோடு கொடுப்பதும் உண்டு. இன்சுலின் போடுகிறவர்களில், பால் மாதிரி கலங்கலாக இருக்கும் இன்சுலினை ராத்திரி 7 மணிக்குப் போட்டால் அதன் வேகம் நடுநிசியில் உச்சத்துக்குப் போய், விடியும்போது தளர்ந்துவிடும். அதையே படுக்கப்போகும் நேரத்துக்குத் தள்ளச் சொல்வார்கள். ஒரே இடத்தில் குத்திக்குத்தி வயிற்றில் கட்டி கட்டியாக இருந்தால் அங்கே போடும் மருந்து சரியாக ரத்தத்தில் சேராது. இடம் மாற்றினாலே சிலருக்கு நம்பர் மாறுகிறது.

மருந்தைவிடப் பெரிய தகராறு சாப்பாட்டு நேரத்தில் வந்தது. கடை சாத்த ராத்திரி 10 மணி ஆகும். வீட்டுக்கு வந்து குளித்து, பத்தரைக்குச் சாப்பிட்டு, 11 மணிக்குப் படுக்கிறவர் அண்ணாச்சி. சென்னையில் எத்தனையோ ஆயிரம் கடைக்காரர்களின் கதி இதுதான். சீக்கிரம் சாப்பிடுங்கள் என்று சொல்வது எளிது. கல்லாவை யார் பார்ப்பது?

மனைவிதான் வழி கண்டார். இரவு 8 மணிக்கு டிபன் கேரியர் கடைக்கே வந்தது. இரண்டு தோசை, கூட ஒரு கிண்ணம் காய், கொஞ்சம் சுண்டல். கல்லா மேஜைக்குப் பின்னால் ஸ்டூலில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, தெருமுனை வரை நாலு நடை. பத்து, பதினைந்து நிமிஷம் நடந்தால்கூட சாப்பிட்டதும் ஏறும் சர்க்கரை மட்டுப்படுகிறது. பட்டினி என்ற பேச்சுக்கே இடமில்லை என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். சர்க்கரையைக் குறைக்கும் சில மாத்திரைகள், வயிற்றில் சோறு இருக்கிறதா என்று பார்க்காது. அவை பாட்டுக்கு வேலை செய்யும்.

காலையிலும் 7 மணிக்கெல்லாம் ஏதாவது சாப்பிட்டுவிட்டுத்தான் கடை திறக்கிறார். 11 மணிக்கு வடை, டீயோடு முதல் சாப்பாடு என்ற பழக்கம் போய்விட்டது.

மூன்று மாதத்தில் காலை நம்பர் 140-க்கு வந்தது. 100-க்கு வரவில்லை. வர வேண்டும் என்று அவசியமும் இல்லை. வெறும் வயிற்றில் 80-லிருந்து 130-க்குள் இருந்தால் போதும் என்பது பொதுவான கணக்கு. வயதானவர்களுக்கு, அடிக்கடி சர்க்கரை தாழ்கிறவர்களுக்கு, டாக்டர்கள் அதையும் கொஞ்சம் தளர்த்துகிறார்கள். காலை நம்பர் ஒன்றையே பிடித்துக்கொண்டு தொங்காமல், மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ‘எச்பிஏ1சி’ சோதனையையும் பார்க்க வேண்டும். அது 7 என்றால் சராசரி சர்க்கரை சுமார் 154 என்று அர்த்தம்.

ஸ்டான்லியில் 1948

சர்க்கரை வியாதிக்கும் வடசென்னைக்கும் பழைய உறவு உண்டு. அரசு ஆஸ்பத்திரியில் சர்க்கரை நோய்க்கென்று தனிப்பிரிவு இந்தியாவிலேயே முதலில் வந்தது ஸ்டான்லி ஆஸ்பத்திரியில்தான். 1948-ம் ஆண்டில் டாக்டர் எம். விசுவநாதன் தொடங்கினார். அன்று இது பணக்காரர் வியாதி என்று பெயர். இன்று? 2023-ம் ஆண்டில் வெளிவந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் கணக்குப்படி, நாட்டில் சர்க்கரை வியாதிக்காரர்கள் 10 கோடிக்கும் மேல். மூட்டை தூக்குகிறவரும் அதில் இருக்கிறார். ஆட்டோ ஓட்டுகிறவரும் இருக்கிறார்.

கோயம்பேட்டில் நள்ளிரவு ஒரு மணிக்கு லாரியிலிருந்து காய்கறி இறக்குகிறவருக்கு எது ‘காலை’? எது ‘வெறும் வயிறு’? இதற்கு எந்த அட்டையிலும் பதில் அச்சடித்திருக்காது. கடைசியாகச் சாப்பிட்டு 8 மணி நேரம் ஆகியிருக்க வேண்டும் என்பதுதான் கணக்கு. இரவு வேலைக்காரர்கள் எப்போது தூங்குகிறோம், எப்போது சாப்பிடுகிறோம் என்பதை டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொல்லாமல் ‘காலை 1, இரவு 1’ என்று வாங்கி வந்தால் மருந்து ஒரு பக்கம், சோறு ஒரு பக்கம் என்று போய்விடும். தூக்கம் கெட்டாலும் இன்சுலின் எடுபடாது. விடிய விடியக் குறட்டை விட்டு மூச்சு முட்டி எழுகிறவர்கள் அதையும் சொல்ல வேண்டும்.

‘தண்ணி’ ஆபத்து

இதில் குடிப்பழக்கம் சேர்ந்தால் கதையே வேறு. சாராயம் உள்ளே போனால் கல்லீரல் அதைச் சமாளிப்பதில் இறங்கிவிடும். பின்வாசல் வழியாகச் சர்க்கரை அனுப்பும் வேலை படுத்துவிடும். சாப்பிடாமல் குடித்துவிட்டு மாத்திரையோ ஊசியோ போட்டுப் படுத்தால் விடியற்காலையில் சர்க்கரை அதலபாதாளத்துக்குப் போகும். வாய் குழறினால் "போதை தெளியட்டும்" என்று வீட்டில் விட்டுவிடுவார்கள். அதுதான் கொடுமை.

ஆள் விழுங்கும் நிலையில் இருந்தால் மூன்று ஸ்பூன் சர்க்கரைத் தண்ணீர். கால் மணி நேரம் கழித்து மறுபடி பார்த்து, 70-க்குக் கீழே இருந்தால் இன்னொரு தடவை. நினைவு இல்லாவிட்டால் வாயில் எதையும் ஊற்றக்கூடாது, மூச்சுக்குழலுக்குள் போய்விடும். உடனே 108-க்குப் போன் செய்ய வேண்டும்.

வெந்தயத் தண்ணீர், பாகற்காய்ச் சாறு குடிக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. குடிப்பவர்கள் குடிக்கட்டும். அதைக் குடித்துவிட்டு மாத்திரையை நிறுத்துவதுதான் வம்பு.

மாம்பழ விரல்

வீட்டில் மெஷின் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒரு வீட்டில் பாட்டிக்குக் காலையில் 310 காட்டியது. வீடே திரண்டுவிட்டது. விசாரித்தால், பாட்டி அப்போதுதான் பேரனுக்கு மாம்பழம் நறுக்கிக் கொடுத்திருக்கிறார்! கையை சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைத்துவிட்டுப் பார்த்தார்கள். 148.

ஸ்டிரிப் டப்பாவை எடுத்த கையோடு இறுக்கி மூட வேண்டும். சென்னையின் கடற்காற்றில் மூடி திறந்து கிடந்தால் ஸ்டிரிப் கெட்டுப்போகும். அதை அடுப்பங்கரையில் மிளகாய்ப்பொடி டப்பாவுக்குப் பக்கத்தில் வைக்கிறவர்கள் நகரில் எத்தனையோ பேர். டப்பாவின் மேல் தேதி போட்டிருக்கும். கண்ணாடி போட்டுக்கொண்டு அதையும் ஒரு தடவை பார்த்துவிட்டு, அப்புறம் விரலில் குத்தட்டும்.